முடக்குவாதம் உள்ளவர்கள் இதயக் கோளாறை முன்கூட்டியே கண்டறிவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்ற மூட்டு அழற்சி நோய்) உள்ளவரிடம் “மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குதா, நெஞ்சு அடைக்குதா?” என்று கேட்டுப் பாருங்கள். “முட்டி வலிக்குதுன்னு மாடி ஏறுறதையே விட்டுட்டேனே” என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். சிக்கலே அங்கேதான் இருக்கிறது. இதயத்துக்குப் போதுமான ரத்தம் போகவில்லை என்பது உடல் உழைக்கும்போதுதான் வெளியே தெரியும். அந்த உழைப்பை மூட்டுவலி முன்கூட்டியே நிறுத்திவிட்டால், இதயம் தன் குறையைச் சொல்ல வழியே இல்லாமல் போகிறது. அப்படியே சொன்னாலும் தோள்வலி, தாடைவலி, அசதி, கால் வீக்கம் எல்லாம் வாதத்தின் கணக்கிலேயே எழுதப்பட்டுவிடும்.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், ராச்செஸ்டர் பகுதி மக்களின் பல ஆண்டு மருத்துவப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2005-இல் வெளியானது. முடக்குவாதம் உள்ளவர்கள் நெஞ்சுவலி என்று சொல்வது மற்றவர்களைவிடக் குறைவு. ஆனால் தங்களுக்கே தெரியாமல் மாரடைப்பு வந்துபோயிருப்பதும் திடீர் மரணமும் அவர்களிடம் அதிகம் என்று அது காட்டியது. மொத்தத்தில் இந்த நோய் இதய, ரத்தக்குழாய் நோய்களின் ஆபத்தை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்குகிறது. நெஞ்சுவலி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பது இவர்களுக்குச் சரிப்பட்டு வராது. வலி இல்லாதபோதே தேடிப் போக வேண்டும். எதை, எங்கே, எந்த வரிசையில் தேடுவது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்திவிடலாம். சிறு வயதில் தொண்டைத் தொற்றுக்குப் பிறகு வரும் வாதக் காய்ச்சல் இதய வால்வுகளைக் கெடுக்கும். அது வேறு நோய். பெரியவர்களுக்கு விரல், மணிக்கட்டு, முட்டி என்று இரண்டு பக்கமும் வீங்கி, காலையில் நெடுநேரம் விறைத்துக்கிடக்கும் முடக்குவாதத்தைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம்.

படி 1: எதைத் தேடுகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

முடக்குவாதம் மூட்டோடு நிற்கும் நோய் அல்ல. உடலின் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டையே தாக்கும்போது உருவாகும் அழற்சிப் பொருட்கள் ரத்தத்தில் கலந்து உடல் முழுக்கச் சுற்றுகின்றன. ரத்தக்குழாயின் உட்சுவரை அவை புண்ணாக்குகின்றன. அங்கே கொழுப்புப் படிவு சீக்கிரம் சேர்கிறது. சேர்ந்த படிவு எளிதில் வெடிக்கும் தன்மையோடு இருக்கிறது. வெடித்த இடத்தில் ரத்தம் உறைந்து அடைத்தால் மாரடைப்பு. அழற்சிக்கு இதில் நேரடிப் பங்கு உண்டு என்பதற்கு 2017-இல் வலுவான சான்று கிடைத்தது. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்கு கானகினுமாப் என்ற அழற்சி எதிர்ப்பு ஊசியைக் கொடுத்துப் பார்த்தார்கள். கொலஸ்ட்ரால் குறையாமலேயே அடுத்த மாரடைப்புகள் குறைந்தன.

நாம் தேடும் முதல் பிரச்சினை இந்தக் குழாய் அடைப்புதான். அடுத்தது இதயச் செயலிழப்பு. இதில் இதயம் சுருங்கும் வலு சரியாக இருந்தும், அது தளர்ந்து ரத்தத்தை வாங்கிக்கொள்ளும் திறன் குறைந்துபோகும் வகை முடக்குவாதத்தில் அதிகம். மூன்றாவது, இதய உறையில் அழற்சியும் நீர் சேர்வதும். இது பலருக்கு எந்தத் தொந்தரவும் தராமல் எக்கோவில் (இதயத்துக்கான அல்ட்ராசவுண்ட்) மட்டும் தெரியும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்பும் இவர்களுக்குச் சற்று அதிகமாக வருகிறது. வால்வுகளில் முடிச்சு வருவது, மின் கடத்தலில் தடை ஏற்படுவது எல்லாம் அபூர்வம்.

இந்த ஆபத்து நோய் வந்து பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்துத்தான் தொடங்கும் என்று நினைக்க வேண்டாம். நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே, அழற்சி உள்ளுக்குள் புகைந்துகொண்டிருக்கும் காலத்திலேயே அது தொடங்கிவிடுகிறது. ஆகவே புதிதாக நோய் தெரிந்தவர்களும் முதல் ஆண்டிலேயே இதயக் கணக்கை எடுத்துவிடுவது நல்லது.

படி 2: நின்றது மூட்டாலா, மூச்சாலா?

இது செலவில்லாத படி. பெரும்பாலோர் தாண்டிப் போவதும் இதைத்தான்.

ஒரு தாளை எடுத்து, ஒரு வருடத்துக்கு முன் செய்துகொண்டிருந்த, இப்போது செய்யாத வேலைகளை எழுதுங்கள். கடைக்கு நடந்து போவது, வாளித் தண்ணீர் தூக்குவது, துணி உலர்த்துவது, ஒரே மூச்சில் மாடி ஏறுவது என்று எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதை நிறுத்த வைத்தது எது என்று எழுதுங்கள். “முட்டி வலி” என்று எழுதுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் யோசியுங்கள். கடைசியாக அந்த வேலையைச் செய்தபோது முதலில் உங்களை நிற்க வைத்தது வலிதானா? மூச்சு முட்டியதா, நெஞ்சில் ஒரு பாரம் உட்கார்ந்ததா, கை கால் ஓய்ந்து சோர்வு வந்ததா? மூட்டு இப்போது முன்னைவிட நன்றாக இருந்தும் நடக்கும் தூரம் குறைந்துகொண்டே போகிறது என்றால், அந்த ஒரு வரி போதும், மருத்துவரிடம் போய்விடலாம். மருந்து வேலை செய்து வீக்கம் வற்றிய பிறகும் உடல் தெம்பு திரும்பவில்லை என்பதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும்.

அடுத்து, வலிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இங்கேதான் முடக்குவாதம் நன்றாக ஏமாற்றும்.

*தோள்பட்டை, இடது கை.* மூட்டு வலி என்றால் அந்த மூட்டை அசைத்தால் கூடும். கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது, பின்னால் வளைக்கும்போது, அந்தப் பக்கம் படுத்தால் வலிக்கும். காலையில் அதிகம், வேலை செய்யச் செய்யக் குறையும். இதயத்திலிருந்து வரும் வலிக்குக் கையை எப்படித் திருப்பினாலும் வித்தியாசம் இருக்காது. நடந்தால், கோபப்பட்டால், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உடனே எழுந்து வேலை பார்த்தால் வரும். நின்று ஓய்வெடுத்தால் சில நிமிடங்களில் விலகும்.

*தாடை.* முடக்குவாதம் தாடை மூட்டையும் பிடிக்கும். அது மெல்லும்போதும் கொட்டாவி விடும்போதும் வலிக்கும். ஒன்றும் மெல்லாமல், வேகமாக நடக்கும்போது மட்டும் கீழ்த்தாடையில் ஒரு இறுக்கம் வந்து, நின்றதும் போய்விட்டால் அதைத் தாடை மூட்டின் மேல் போடக் கூடாது.

*நெஞ்செரிச்சல், வாயு.* வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் வயிற்றைப் புண்ணாக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருப்பதால், நெஞ்சில் எது வந்தாலும் “மாத்திரை சூடு” என்று முடிவாகிவிடுகிறது. உழைப்போடு வந்து ஓய்வோடு போகும் எரிச்சல் வயிற்றுடையது அல்ல என்றே வைத்துக்கொண்டு பரிசோதியுங்கள்.

*படுத்தால் கூடும் குத்தல்.* மூச்சை இழுக்கும்போதும் மல்லாந்து படுக்கும்போதும் நெஞ்சு கத்தியால் குத்துவதுபோல் வலித்து, எழுந்து முன்பக்கம் சாய்ந்து உட்கார்ந்தால் இதமாக இருந்தால் அது இதய உறை அழற்சியாக இருக்கலாம்.

*மூச்சு வாங்குதல்.* இதற்கு முடக்குவாதத்தில் காரணங்கள் பல. நாள்பட்ட அழற்சியால் வரும் ரத்தசோகை, நுரையீரல் தழும்பு, முடக்குவாத மருந்தான மெத்தோட்ரெக்ஸேட்டால் அரிதாக வரும் நுரையீரல் அழற்சி, வெறும் உடல் தளர்ச்சி எல்லாமே மூச்சு வாங்க வைக்கும். வீட்டில் உட்கார்ந்து இவற்றைப் பிரிக்க முடியாது. பிரிக்க முயலவும் வேண்டாம். ஆனால் இரண்டு அடையாளங்கள் இதயத்தின் பக்கம் கை காட்டுகின்றன: தலையணை இரண்டு மூன்று வைத்தால்தான் படுக்க முடிகிறது என்பது ஒன்று, நடு இரவில் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டியிருக்கிறது என்பது மற்றொன்று.

*கால் வீக்கம்.* கீழ்க்காலின் முன்னெலும்பின் மேல், கணுக்காலுக்குச் சற்று மேலே, கட்டைவிரலால் அழுத்திப் பத்து விநாடி வைத்திருந்து எடுங்கள். விரல் பட்ட இடம் பள்ளமாகவே நின்றால் அது நீர் வீக்கம். மூட்டு வீக்கம் மூட்டைச் சுற்றித்தான் இருக்கும். தொட்டால் சூடாகவும் வலியாகவும் இருக்கும். இப்படிக் குழி விழாது. இரண்டு காலிலும் குழி விழுந்தால் இதயம், சிறுநீரகம், மாத்திரை மூன்றையும் சந்தேகிக்கலாம். ஒரு காலில் மட்டும் கெண்டைக்கால் வீங்கி வலித்தால் அது ரத்தக்கட்டாக இருக்கக்கூடும், அன்றைக்கே காட்டுங்கள்.

முடக்குவாதம் ஆண்களைவிடப் பெண்களுக்கே இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது. பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமல் குமட்டல், வியர்வை, முதுகு வலி, விளக்க முடியாத அசதி என்று வருவதும் அதிகம். இரண்டும் ஒருவரிடமே சேரும்போது தவறவிடும் வாய்ப்பு கூடுகிறது.

ஓய்வெடுத்தும் விடாத நெஞ்சு இறுக்கம், அதோடு வியர்வை, மயக்கம், திடீர் மூச்சுத்திணறல் என்று வந்தால் இந்த வழிகாட்டியை மூடி வைத்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். நீங்களே வண்டியை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

படி 3: வீட்டில் அளக்க வேண்டியவை

பி.பி.தான் முதல். அமைதியாக ஐந்து நிமிடம் உட்கார்ந்து, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, கை இதயத்தின் உயரத்தில் இருக்கும்படி மேசையில் வைத்து அளக்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை, காலையும் மாலையும், ஏழு நாட்கள். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மீதியின் சராசரியைப் பாருங்கள். வீட்டில் அளக்கும்போது 135/85-க்கு மேல் சராசரி வந்தால் அது ரத்தக்கொதிப்பு.

முடக்குவாதம் உள்ளவர்களுக்கு இதில் சில சிக்கல்கள் உண்டு. மணிக்கட்டில் கட்டும் கருவி வேண்டாம். வீங்கிய, கோணிய மணிக்கட்டில் அது சரியாகக் காட்டாது. மேல்கையில் கட்டும் கருவியையே வாங்குங்கள். விரல்களால் பட்டையை இறுக்குவது சிரமமாக இருந்தால், வளையம்போல் முன்பே வடிவமைத்த பட்டையுள்ள கருவிகள் கிடைக்கின்றன. அல்லது வீட்டில் இருப்பவரைக் கட்டிவிடச் சொல்லுங்கள். முழங்கை மடங்கியே இருக்கிறது என்றால் கீழே ஒரு தலையணை கொடுத்து, கை தளர்வாக இருக்கும்படி செய்யுங்கள். விறைத்துப் பிடித்தால் எண் ஏறும். வலி உச்சத்தில் இருக்கும் காலை நேரத்து எண் மட்டும் கூடுதலாக இருந்தால் அதையும் குறித்துவைத்துச் சொல்லுங்கள்.

நாடி பார்க்க மணிக்கட்டு வசதிப்படாவிட்டால் கழுத்தின் ஒரு பக்கத்தில் மெதுவாக விரலை வைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து அழுத்தக் கூடாது. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். எண்ணிக்கையைவிடச் சீர்தான் முக்கியம். தாளம் தப்பித் தப்பி வந்தால் இ.சி.ஜி. எடுக்க வேண்டும்.

எடையை வாரம் ஒரு முறையாவது பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் அது கொழுப்பு அல்ல, நீர். இன்னொரு பக்கமும் உண்டு: முயற்சி எதுவும் செய்யாமல் எடை குறைந்து, உடம்பு மெலிந்துகொண்டே போனால் “நல்லதுதானே” என்று மகிழ வேண்டாம். தீவிர அழற்சி தசையைக் கரைத்துவிடுகிறது. முடக்குவாதத்தில் இப்படி மெலிந்தவர்களுக்கு இதயநோய் மரண ஆபத்து கூடுதல் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒல்லியாக இருப்பவருக்கு ஹார்ட் பிரச்சினை வராது என்ற நம்பிக்கை இந்த நோயில் செல்லாது.

படி 4: ரத்தப் பரிசோதனையும் கொலஸ்ட்ரால் தரும் பொய்யான நிம்மதியும்

கேட்டு வாங்க வேண்டியவை: கொழுப்பு விவரம் முழுதும், சர்க்கரையும் மூன்று மாத சராசரி காட்டும் எச்.பி.ஏ.1.சி.-யும், சிறுநீரக நிலை காட்டும் கிரியேட்டினின், ஹீமோகுளோபின், அழற்சி அளவு காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. வாழ்நாளில் ஒருமுறை லிப்போபுரோட்டீன் ஏ என்ற பரம்பரைக் கொழுப்பைப் பார்த்துவைப்பதும் பயன்படும், குறிப்பாகக் குடும்பத்தில் இளம் வயதில் மாரடைப்பு வந்தவர்கள் இருந்தால்.

இதில் எல்லோரையும் குழப்புவது கொலஸ்ட்ரால்தான். மூட்டுகள் வீங்கி, சி.ஆர்.பி. எகிறியிருக்கும் நேரத்தில் பரிசோதித்தால் மொத்தக் கொலஸ்ட்ராலும் எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ராலும் குறைவாகவே வரும். தீவிர அழற்சி அவற்றைக் கீழே இழுத்துவிடுகிறது. எண்ணைப் பார்த்து “கொழுப்பு நார்மல், இதயம் நல்லா இருக்கு” என்று சந்தோஷப்படும் அந்த நேரத்தில்தான் உண்மையில் ஆபத்து அதிகம். பிறகு மருந்து வேலை செய்து அழற்சி அடங்கியதும் கொலஸ்ட்ரால் ஏறும். உடனே “மருந்தால கொழுப்பு ஏறிடுச்சு, நிறுத்திடலாமா?” என்ற கேள்வி வரும். நிறுத்தக் கூடாது. மறைந்திருந்த உங்கள் உண்மையான எண் இப்போது வெளியே வந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த எண்ணை வைத்துத் தேவைப்பட்டால் ஸ்டாட்டின் என்ற கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையைத் தொடங்குவார்கள்.

ஆகவே கொழுப்புப் பரிசோதனையை நோய் கட்டுக்குள் இருக்கும்போது செய்வதே நல்லது. நோய் எப்போது கட்டுக்குள் வரும் என்று தெரியாத நிலை என்றால் இப்போதே செய்துகொள்ளுங்கள். ஆனால் அடங்கிய பிறகு மறுபடி செய்யுங்கள். டோசிலிசுமாப், டோஃபாசிடினிப் போன்ற முடக்குவாத மருந்துகளைத் தொடங்கினால் 4 முதல் 8 வாரங்களில் கொழுப்பை ஒருமுறை பார்ப்பது வழக்கம்.

சி.ஆர்.பி.-யை இதயத்துக்கான பரிசோதனை என்று சில பேக்கேஜ்களில் சேர்த்திருப்பார்கள். முடக்குவாதம் உள்ளவருக்கு அது மூட்டால் ஏறியதா, ரத்தக்குழாயால் ஏறியதா என்று பிரித்துச் சொல்லாது. ஆனால் மாதக்கணக்கில் இறங்காமல் நிற்கும் சி.ஆர்.பி. ஒரு செய்தி: நோய் அடங்கவில்லை, இதயமும் அதற்கு விலை கொடுத்துக்கொண்டிருக்கிறது.

மூச்சு வாங்குதல், நீர் வீக்கம் இருந்தால் என்.டி.-புரோ பி.என்.பி. என்ற பரிசோதனை உதவும். 125-க்குக் கீழே இருந்தால் இதயச் செயலிழப்புக்கான வாய்ப்பு குறைவு. உடல் பருமன் உள்ளவர்களுக்கு மட்டும் இந்த எண் சற்றுக் குறைத்துக் காட்டும். மேலே இருந்தால் அதை வைத்தே பயப்பட வேண்டாம். வயது, சிறுநீரகம், அழற்சி எல்லாமே அதை ஏற்றும். எக்கோ எடுத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

படி 5: ஆபத்துக் கணக்கைப் போட்டு, 1.5-ஆல் பெருக்குங்கள்

வயது, பாலினம், புகை, பி.பி., கொலஸ்ட்ரால், சர்க்கரை ஆகியவற்றைக் கொடுத்தால் அடுத்த பத்து ஆண்டில் மாரடைப்போ பக்கவாதமோ வர எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று சொல்லும் கணிப்பான்கள் இருக்கின்றன. மருத்துவர் இரண்டு நிமிடத்தில் போட்டுவிடலாம். உங்கள் நாட்டு மக்களுக்கு ஏற்ற கணிப்பானையே பயன்படுத்தச் சொல்லுங்கள்.

பெரும்பாலான கணிப்பான்களுக்கு முடக்குவாதம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதனால் ஐரோப்பிய வாதநோய் மருத்துவக் கூட்டமைப்பான யூலார், வரும் விடையை 1.5-ஆல் பெருக்கச் சொல்கிறது. 8 சதவீதம் என்று வந்தால் 12. இந்த வித்தியாசம் சிறியதாகத் தெரியலாம். ஆனால் “மருந்து வேண்டாம்” என்பதிலிருந்து “ஸ்டாட்டின் பற்றிப் பேசலாம்” என்பதற்குப் பலர் நகர்வது இந்த ஒரு பெருக்கலால்தான். முன்பு பத்து ஆண்டுக்கு மேல் நோய், ரத்தத்தில் வாதக் காரணி (ருமட்டாய்டு ஃபேக்டர்) இருப்பது, மூட்டுக்கு வெளியே பாதிப்பு ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால் மட்டும் பெருக்கச் சொன்னார்கள். பின்னர் வந்த திருத்தத்தில் எல்லோருக்கும் பெருக்கச் சொல்லிவிட்டார்கள்.

பிரிட்டனில் புழங்கும் கியூரிஸ்க் 3 கணிப்பானில் மட்டும் முடக்குவாதமும் ஸ்டீராய்டும் ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன. அதன் விடையை மறுபடி பெருக்கக் கூடாது.

முப்பதுகளில் இருக்கும் பெண்களுக்கு இந்தக் கணக்கு எப்படிப் போட்டாலும் சின்ன எண்தான் வரும். ஏனென்றால் வயதுதான் கணக்கில் பெரிய பங்கு வகிக்கிறது. நோய் கடுமையாக இருந்து, ரத்தத்தில் வாதக் காரணி மிக அதிகமாக இருந்து, தோலடி முடிச்சுகளும் இருந்தால் கணிப்பானைவிட மருத்துவரின் அனுமானத்துக்கே நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

படி 6: மாத்திரைப் பட்டியலை மேசையில் பரப்புங்கள்

எழுதிக்கொடுத்தவை மட்டுமல்ல, மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிப் போடுபவையும் வேண்டும்.

வலி மாத்திரைகள்தான் முதல் சந்தேகத்துக்குரியவை. டைக்ளோஃபினாக், ஈட்டோரிகாக்சிப் போன்றவை பி.பி.-யை ஏற்றும், உடலில் நீரைத் தேக்கும், மாரடைப்பு ஆபத்தைக் கூட்டும். இதே காரணத்துக்காகத்தான் ரோஃபிகாக்சிப் 2004-இல் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. இதயக்குழாய் நோய் உள்ளவர்கள் டைக்ளோஃபினாக், ஈட்டோரிகாக்சிப் இரண்டையும் தவிர்க்க வேண்டும், பி.பி. 140/90-க்குக் கீழே வராதவர்களும் ஈட்டோரிகாக்சிப் எடுக்கக் கூடாது. இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் ஐபூப்ரோஃபென் சேர்த்துப் போட்டால் ஆஸ்பிரினின் வேலை கெடும்.

ஸ்டீராய்டு பி.பி., சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் ஏற்றும். எவ்வளவு குறைவான அளவில், எவ்வளவு சீக்கிரம் இறக்க முடியும் என்று கேளுங்கள். ஆனால் நீங்களாக ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். அது உயிருக்கே ஆபத்தாகலாம். வாத மருந்துகளில் லெஃப்ளுனோமைட் பி.பி.-யை ஏற்றக்கூடும். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் நல்லதுதான். என்றாலும் இதயத் துடிப்பின் ஒரு இடைவெளியை நீட்டிவிடும் தன்மை அதற்கு உண்டு. அப்படி நீட்டும் வேறு மருந்துகளும் எடுப்பவர்களுக்கு இ.சி.ஜி. தேவை.

டோஃபாசிடினிப் பற்றி 2022-இல் வெளியான பெரிய ஆய்வில், 50 வயதும் அதற்கு மேலும், குறைந்தது ஒரு இதய ஆபத்துக் காரணியும் உள்ளவர்களில் அதை எடுத்தவர்களுக்கு, டி.என்.எஃப். என்ற அழற்சிப் பொருளைத் தடுக்கும் ஊசி எடுத்தவர்களைவிட மாரடைப்பு போன்றவை அதிகம் வந்தன. ஆகவே வயதானவர்களும் புகைப்பவர்களும் இந்த வகை மாத்திரை தொடங்கும் முன் இதய ஆபத்தைக் கணக்கிட்டிருக்க வேண்டும். டி.என்.எஃப். ஊசிகளுக்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது: இதயச் செயலிழப்பு ஓரளவு முற்றியவர்களுக்கு அவை பொதுவாகக் கொடுக்கப்படுவதில்லை. ஊசி தொடங்கும் முன் மூச்சு வாங்குதல், கால் வீக்கம் பற்றி வாய் திறந்து சொல்வது இதனால்தான் அவசியம்.

மெத்தோட்ரெக்ஸேட்டைப் பார்த்துப் பயப்படுபவர்கள் அதிகம். அதை ஒழுங்காக எடுக்கும் முடக்குவாத நோயாளிகளுக்கு இதயப் பிரச்சினைகள் குறைவு என்பதே இதுவரையான அவதானிப்புகள் சொல்வது.

படி 7: எந்தப் பரிசோதனை யாருக்கு?

அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரு இ.சி.ஜி. எடுத்துக் கோப்பில் வைத்துக்கொள்ளலாம். பழைய, தெரியாமல் வந்துபோன மாரடைப்பின் தடம் அதில் தெரிய வாய்ப்புண்டு; நாளை ஏதாவது வந்தால் ஒப்பிட்டுப் பார்க்கவும் உதவும். ஆனால் ஓய்வில் எடுத்த இ.சி.ஜி. நன்றாக இருக்கிறது என்பதால் குழாயில் அடைப்பு இல்லை என்று ஆகாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

எக்கோ எல்லோருக்கும் வருடா வருடம் தேவையில்லை. மூச்சு வாங்குதல், நீர் வீக்கம், இதய முனகல், இ.சி.ஜி.-யில் மாற்றம், என்.டி.-புரோ பி.என்.பி. உயர்வு இருந்தால் எடுக்க வேண்டும். அறிக்கையில் ‘இ.எஃப்.’ (இதயம் ஒரு துடிப்பில் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) 60 சதவீதம் என்று பார்த்ததும் தாளை மடித்துவிடாதீர்கள். தளர்வுக் குறைபாடு, இடது மேலறை அளவு, உறையில் நீர் ஆகிய மூன்றையும் மருத்துவரிடம் குறிப்பிட்டுக் கேளுங்கள். முடக்குவாதம் கைவைப்பது பெரும்பாலும் அங்கேதான்.

ஆபத்துக் கணக்கு நடுத்தரமாக வந்து, ஸ்டாட்டின் தொடங்குவதா வேண்டாமா என்று இழுபறியாக இருந்தால் கழுத்து ரத்தக்குழாய் அல்ட்ராசவுண்ட் நல்ல வழி. கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை. படிவு தெரிந்தால் விவாதம் முடிந்தது. நீங்கள் அதிக ஆபத்துப் பிரிவு. இதயக்குழாய் கால்சியம் அளவு பார்க்கும் சி.டி. ஸ்கேனும் இதே வேலைக்கு உதவும். கால்சியம் எண் 100-க்கு மேல் வந்தால் சிகிச்சை தேவை என்பதில் பெரிதாகக் கருத்து வேறுபாடு இல்லை. பூஜ்யம் வந்தால் நிம்மதிதான். ஆனால் முழு நிம்மதி இல்லை. கால்சியம் படியாத மென்மையான படிவுகள் அந்த ஸ்கேனில் தெரியாது. முடக்குவாதத்தில் அவை ஒரு பங்கு வகிக்கின்றன.

அறிகுறி இருப்பவருக்கு வழக்கமாக ட்ரெட்மில் எழுதிக்கொடுப்பார்கள். முட்டியும் பாதமும் ஒத்துழைக்காதவர் மூன்று நிமிடத்தில் இறங்கிவிடுவார். இதயம் போதிய வேகத்துக்குப் போகவே இல்லை. ஆனால் சிலர் அதை “ஒன்றுமில்லை” என்று படித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அறிக்கையில் இலக்குத் துடிப்பை எட்டினீர்களா என்று பாருங்கள். எட்டவில்லை என்றால் அந்தப் பரிசோதனை நடக்கவில்லை என்றே பொருள். நடக்காமலேயே மருந்து கொடுத்து இதயத்தை உழைக்க வைத்துப் பார்க்கும் டோபுடமின் எக்கோ, அணு மருத்துவ ஸ்கேன், அல்லது நேராகக் குழாயைப் பார்க்கும் சி.டி. ஆஞ்சியோகிராம் ஆகியவற்றில் உங்களுக்கு எது பொருந்தும் என்று கேளுங்கள். “என்னால் ட்ரெட்மில்லில் நடக்க முடியாது” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் வீண் அலைச்சல் மிச்சம்.

படி 8: பொறுப்பு யாருடையது?

மூட்டு மருத்துவர் இதயத்தை இதய மருத்துவர் பார்ப்பார் என்று நினைப்பார். இதய மருத்துவரிடம் நீங்கள் போயிருக்கவே மாட்டீர்கள், ஏனென்றால் நெஞ்சுவலி இல்லை. குடும்ப மருத்துவர், பெரிய டாக்டர் பார்க்கிறாரே என்று விட்டிருப்பார். யூலார் பரிந்துரை இதில் தெளிவாக இருக்கிறது: முடக்குவாத நோயாளியின் இதய ஆபத்து கவனிக்கப்படுகிறதா என்று உறுதிசெய்வது வாதநோய் மருத்துவரின் பொறுப்பு. அவரே எல்லாம் செய்ய வேண்டும் என்றில்லை. யாரோ ஒருவர் செய்கிறார் என்று அவர் உறுதிப்படுத்த வேண்டும்.

அடுத்த முறை போகும்போது படி 2-இல் எழுதிய தாள், ஏழு நாள் பி.பி. எண்கள், மாத்திரைப் பட்டியல் மூன்றையும் கொண்டுபோங்கள். உட்கார்ந்ததும் முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள்: “என் இதய ஆபத்துக் கணக்கு எடுத்திருக்கா டாக்டர்? அதுல வாதத்துக்காக ஒன்றரை மடங்கு போட்டீங்களா?” மூட்டைப் பற்றிப் பேசி முடித்து, எழுந்து கதவருகே போய்க் கேட்டால் பதில் அவசரமாகத்தான் வரும்.

ஆபத்து குறைவு என்றால் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது மறுபடி கணக்கெடுங்கள் என்கிறது பரிந்துரை. என் அபிப்பிராயத்தில் பி.பி., சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் வருடம் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. மூட்டு மருந்துக்காக எப்படியும் ரத்தம் கொடுக்கத்தான் போகிறீர்கள். ஆபத்து நடுத்தரம், அதிகம் என்றாலோ, பெரிய மருந்து மாற்றம் நடந்தாலோ, ஸ்டீராய்டு நீண்ட காலம் தொடர்ந்தாலோ, மாதவிடாய் நின்றாலோ அந்த ஐந்து ஆண்டுக்குக் காத்திருக்க வேண்டாம். புகைப்பவர் என்றால் எந்தப் பரிசோதனைக்கும் முன்னால் நிறுத்த வேண்டியது அது. முடக்குவாதத்தைக் கிளப்புவதும் அதுவே, மருந்து சரியாக வேலை செய்யாமல் தடுப்பதும் அதுவே.

ஏதாவது கண்டுபிடிக்கப்பட்டால் வாத மருந்தை நிறுத்திவிட்டு இதய மருந்து மட்டும் எடுக்கலாமா என்று தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். மூட்டில் அழற்சி மறுபடி கிளம்பினால் இதயத்துக்குத்தான் முதல் அடி. ஸ்டாட்டினும் மெத்தோட்ரெக்ஸேட்டும் பொதுவாகச் சேர்த்தே கொடுக்கப்படுகின்றன. கல்லீரல் பரிசோதனையை மட்டும் இதய மருத்துவர், வாத மருத்துவர் இருவரில் யார் பார்ப்பது என்று பேசி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு மருத்துவர் மாற்றிய மருந்தை அடுத்தவரிடம் அதே வாரத்தில் தெரிவித்துவிடுங்கள்.